அப்பாவின் காற்று மெத்தை

அப்பாவைக் குளிப்பாட்ட நான் பழகியது என் ஐம்பத்தோராவது வயதில். அதுவரை அவரைத் தொட்டுப் பேசிய ஞாபகம்கூட எனக்கு அதிகம் இல்லை. அவர் திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையே கடலில் ஓடிய பயணிகள் லோஞ்சில் சுக்கான் பிடித்தவர். காலையில் நாங்கள் எழும்ப முன்னரே போய்விடுவார். மாலையில் உப்பும் டீசலும் மணக்க வருவார், சாப்பிடுவார், வானொலியில் செய்தி கேட்பார், படுப்பார். கோபக்காரர் இல்லை. கதை குறைவு, அவ்வளவுதான்.

எண்பத்தைந்து வயதில் ஒருநாள் காலை, கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டு நின்றவர் அப்படியே சரிந்துவிட்டார். பாரிசவாதம். வலது கையும் வலது காலும் போய்விட்டன. பேச்சு குழறினாலும் எங்களுக்கு விளங்கியது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு விடும்போது, இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும் என்று தாதி சொன்னார். கரண்டில் காற்று ஏறி இறங்கும் மெத்தை ஒன்று வாங்கினால் நல்லது என்றும் சொன்னார். வாங்கினோம்.

அம்மா அதற்கு ஐந்து வருடம் முன்பே போய்விட்டா. என் மனைவி ஆசிரியை. வீடு வர இரண்டு மணி தாண்டும். எனக்கு உள்துறைமுகப் பக்கம் ஒரு சின்னக் கடை, பிரிட்ஜ் திருத்துகிற வேலை. கடையைப் பூட்டிவிட்டுச் சாமான்களையெல்லாம் பாலையூற்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அப்பாவின் அறைக்குப் பக்கத்தில் தகரக் கூரை ஒன்று இறக்கி, அங்கே இருந்து வேலை செய்தேன். கைப்பேசியில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் மணி அடிக்க வைத்தேன்.

முதல்நாள் குளிப்பாட்டும்போது அப்பா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நானும் அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டே துடைத்தேன். வெட்கம் இருவருக்கும் சமம். இரண்டாம் கிழமையில் ஒரு கண்ணைத் திறந்தார்.

“நீ கோப்பை கழுவுற மாதிரிக் கழுவுறாய்.”

“பின்னை எப்பிடிக் கழுவ?”

“ஆள் கழுவுற மாதிரிக் கழுவு.”

அதற்குப் பிறகு வெட்கம் போய்விட்டது. திருப்பிப் படுக்க வைப்பதற்கும் அவரே உத்தரவு தரத் தொடங்கினார். லோஞ்சை இறங்குதுறையில் அணைப்பது போலத்தான் சொல்லுவார். “வலத்த கொஞ்சம். இன்னும். மெதுவா, மெதுவா. ம், கட்டு.” கட்டு என்றால் கயிற்றைக் கட்டு; எங்களுக்குள் அது சரி, போதும், கையை எடு என்று அர்த்தம். நான் தலையணையை முதுகுக்குப் பின்னால் வைத்து, அவரைக் கட்டிவிட்டு வேலைக்குப் போவேன். தகரத்துக்குக் கீழே நான் திருத்துகிற பிரிட்ஜ்களின் சத்தத்தை அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். “அது இன்னும் இரையுது, பார்” என்பார். அநேகமாகச் சரியாகத்தான் இருக்கும். ஐம்பது வருடமாக நாங்கள் கதைக்காத கதையெல்லாம் அந்தப் பதினான்கு மாதத்தில் கதைத்தோம் என்று சொன்னால் அது பொய். ஆனால் முந்திய ஐம்பது வருடத்தைவிடக் கூடக் கதைத்தோம்.

இந்த இடத்தில் எதிர்வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அப்பாவோடு அதே லோஞ்சில் இஞ்சின் பார்த்தவர். அப்பாவைவிட மூன்று வயது இளையவர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். நான் சின்னவனாக இருந்தபோது அவரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். நத்தாருக்கு அவர்கள் வீட்டுக் கேக் எங்கள் வீட்டில், பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பொங்கல் அவர்கள் வீட்டில். பிறகு ஒருநாள் காலை, கொட்டியாரக் குடாவில், லோஞ்ச் ஒரு மீன்பிடி வள்ளத்தில் மோதப் பார்த்தது. மாமாதான் சத்தம் போட்டு இஞ்சினை நிறுத்தினாராம். ஒரு முழத்தில் வள்ளம் தப்பியது. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. வெயில் கண்ணில் அடித்துவிட்டது என்று அப்பா வீட்டில் சொன்னார். மறுகிழமை மாமா அலுவலகத்துக்குப் போய், அவருக்குக் கண் தெரியவில்லை, சுக்கானைக் கொடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டார். பரிசோதித்தார்கள். இரண்டு கண்ணிலும் வெண்புரை. அப்பாவை ஓய்வுக்கு முன்னரே வீட்டில் இருத்திவிட்டார்கள்.

அன்றிலிருந்து அப்பா அவரோடு கதைக்கவில்லை. இருபத்தைந்து வருடத்துக்கு மேல். இரண்டு வீட்டு வாசல் படலைக்கும் நடுவில் இருப்பது ஓர் ஓட்டோ போகக்கூடிய ஒழுங்கை மட்டும்தான். இவர் வெளியே வந்தால் அவர் உள்ளே போவார். அவர் வந்தால் இவர். அம்மாவும் மாமாவின் மனைவி அன்ரியும் மட்டும் கடைக்குப் போகிற சாட்டில் சந்தித்து எல்லாம் கதைத்துவிட்டுத் தனித்தனியாக வீடு வருவார்கள். நானும் மாமா என்று கூப்பிடுவதை விட்டுவிட்டேன். அப்பா விடச் சொல்லவில்லை. நானாகத்தான் விட்டேன்.

அப்பா படுக்கையில் விழுந்து பத்தாவது மாதமாக இருக்கும். ஒருநாள் பின்னேரம் அவரை இடது பக்கம் திருப்பிவிட்டு முதுகுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் முகம் சுவர்ப் பக்கம்.

“மகன்.”

“ஓம்.”

“அண்டைக்கு வெயில் இல்ல.”

“எண்டைக்கு?”

“அந்த வள்ளம். வெயில் கண்ணில அடிச்சதெண்டு சொன்னனான் எல்லே. வெயில் இல்ல, வானம் மப்பு. நான் வள்ளத்தைக் காணேல்ல.”

என் கை நின்றுவிட்டது. அவர் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“அவன் கந்தோரில போய்ச் சொன்னது சரிதான். லோஞ்ச் நிறையச் சனம். ஆனா எனக்கு முதல்ல சொல்லியிருக்கலாம். அதுதான் எனக்கு.”

“கூட்டிக்கொண்டு வரட்டா அப்பா? முன்வீடுதானே.”

“வேண்டாம். நான் இப்பிடிக் கிடக்கிறதை அவன் பாக்க வேண்டாம். எழும்பி இருக்கத் தொடங்கின பிறகு பாப்பம்.”

அவர் எழும்பி இருக்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். அப்படியிருந்தும் நான் ஒழுங்கையைக் கடந்து போகவில்லை. நாளைக்குக் கேட்போம், அடுத்த கிழமை கேட்போம் என்று நான்கு மாதம் போயிற்று.

அப்பா இறந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணியளவில். கரண்டியால் பிளேன்ரீ பருக்கி, திருப்பிப் படுக்க வைத்தேன். கட்டு என்றார். பிறகு, “அந்தப் பெரிசு இன்னும் இரையுது” என்றார். ஒரு கடைக்காரருடைய பெரிய பிரிட்ஜ் அது. மூன்று நாளாக எனக்குப் பிடிகொடுக்கவில்லை. நான் வெளியே போய்ப் பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. முறுக்கினேன். சத்தம் நின்றுவிட்டது. “அப்பா, நிண்டுட்டுது!” என்று அங்கிருந்தே கத்தினேன். பதில் வரவில்லை. நித்திரை என்று நினைத்து, தகட்டைப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன். அவரும் அப்படியே நின்றுபோயிருந்தார். நான் கத்தியது அவருக்குக் கேட்டதோ இல்லையோ தெரியாது. கேட்டது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

செத்தவீட்டுக்கு நிறையப் பேர் வந்தார்கள். மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும், அந்தக் காலத்தில் லோஞ்சில் பள்ளிக்கூடம் போய்வந்த ஆட்கள், இப்போது தாடி நரைத்தவர்கள், தொப்பியோடு வந்து கதிரைகளில் இருந்து அப்பாவைப் பற்றிக் கதைத்தார்கள். அன்ரியும் வந்து என் மனைவியைக் கட்டிப்பிடித்து அழுதா. மாமா வரவில்லை. அப்பாவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது, அவர் வெள்ளைச் சேட்டுப் போட்டுத் தன் படலைக்கு வெளியே நின்றார். எங்களுக்குப் பின்னால், தள்ளி, ஒழுங்கை முடியும்வரை நடந்துவந்தார். பிரதான வீதி வந்ததும் நின்றுவிட்டார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

பிறகு வந்த நாட்களில் எனக்குச் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். அழுகை வரவில்லை. கைப்பேசி மட்டும் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் அடித்துக்கொண்டிருந்தது. அடித்தவுடன் கையில் இருக்கும் குறட்டைக் கீழே வைத்துவிட்டு எழும்பிவிடுவேன். அறை வாசல்வரை போன பிறகுதான் ஞாபகம் வரும்.

“அதை நிப்பாட்டுங்கோவன்” என்றாள் மனைவி.

“இருக்கட்டும்.”

“கட்டிலையும் கழட்டேல்ல, மெத்தையையும் எடுக்கேல்ல. ஆஸ்பத்திரிக்குக் குடுத்தா ஆருக்கும் உதவுமெல்லே.”

“இருக்கட்டுமன்.”

மெத்தை வெறுமையாக அந்தக் கட்டிலில் கிடந்தது. ஒருநாள் சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். ஆளில்லாமலே அது காற்றை இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டேன்.

அப்பா போய் இரண்டாம் கிழமையில் மாமாவும் விழுந்தார். அதுவும் பாரிசவாதம்தான், அவருக்கு இடது பக்கம். தேவாலயத்துக்குப் புறப்பட்டவர் படலையைத் திறக்கும்போது விழுந்திருக்கிறார். ஓட்டோ கூப்பிட்டு ஏற்றியது நான்தான். அவருக்கு அப்போது நினைவு சரியாக இல்லை. ஒரு கிழமைக்கு மேல் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மத்தியானம் அன்ரி எங்கள் படலைக்கு வந்தா. கையில் செபமாலை. உள்ளே வராமல் வெளியிலேயே நின்றா.

“தம்பி, ஒண்டு கேக்கட்டா? குறை நினைக்காதேங்கோ.”

“உள்ளுக்கு வாங்கோ அன்ரி.”

“இல்லத் தம்பி. அப்பான்ர மெத்தை இருந்தா... திருப்பிப் போடச் சொல்லுறாங்கள். என்னால ஏலாது. பிள்ளையள் ரெண்டும் வெளிநாட்டில. ஆரைக் கேக்கிறதெண்டு தெரியேல்ல.”

நான் உடனே பதில் சொல்லவில்லை. அதை இப்போது சொல்லத்தான் வேண்டும். என் மனதில் முதலில் வந்தது அப்பாவின் முகம். இதை அவனுக்கா கொடுக்கிறாய் என்று கேட்கிற முகம் அல்ல. அப்படி இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த மெத்தை போய்விட்டால் அறையில் ஒன்றும் இருக்காது என்பதுதான் என் பயம். அன்ரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “பரவாயில்ல தம்பி, நான் வேற இடத்தில பாக்கிறன்” என்று திரும்பினா. அப்போதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது.

“நில்லுங்கோ அன்ரி. கொண்டுவாறன். விரிக்கிற விதம் ஒண்டு இருக்கு. நானே வந்து விரிச்சுத் தாறன்.”

மெத்தையைச் சுருட்டித் தோளில் வைத்து, காற்றடிக்கும் பெட்டியை மற்றக் கையில் பிடித்து, ஒழுங்கையைக் கடந்தேன். பத்தடி இருக்காது.

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். நன்றாக மெலிந்திருந்தார்.

“ஆரது?”

“நான்தான், மாமா.”

அந்தச் சொல் என்னையறியாமல் வந்தது. “கொப்பர் இருந்தா உன்னை விட்டிருக்க மாட்டார்” என்று மாமா அப்பாவைச் சொன்னார்.

“அவர் இல்லைத்தானே. கையைத் தாங்கோ.”

ஒரு பக்கம் உருட்டி, பாதி மெத்தையை விரித்து, மறுபக்கம் உருட்டி மற்றப் பாதியை இழுத்தேன். முதுகைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே சிவந்திருந்தது. இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் புண் வந்திருக்கும். துடைத்துப் பவுடர் போட்டேன். தலையணையை முதுகுக்கு வைத்தேன். என் கைகள் எல்லாவற்றையும் தாங்களாகவே செய்தன. மூன்று கிழமையாக மரத்துப்போயிருந்த கைகள்.

“பழகின கை” என்றார் மாமா.

“பதினாலு மாசம்.”

“தெரியும். யன்னலால பாத்துக்கொண்டுதான் இருந்தனான்.”

அடுத்த நாளும் போனேன். அதற்கடுத்த நாளும். கைப்பேசி மணி அடித்தால் போய்த் திருப்பிவிட்டு வருவேன். அன்ரிக்கும் பழக்கிக் கொடுத்தேன். ஆனாலும் காலையில் குளிப்பாட்டுவது நான்தான். மாமா அப்பாவைப் போல் இல்லை. உத்தரவு ஒன்றும் தரமாட்டார், வலித்தால்தான் “யேசுவே” என்பார்.

ஐந்தாறு நாளுக்குப் பிறகு, குளிப்பாட்டி முடித்துத் தலை துவட்டும்போது, சொல்லிவிடுவோம் என்று முடிவெடுத்தேன். அப்பாவிடம் கேட்டுத் தள்ளிப்போட்டதை இவரிடமும் தள்ளிப்போட எனக்குத் தைரியம் இல்லை.

“மாமா, அப்பா உங்களைப் பற்றி ஒண்டு சொன்னவர்.”

அவர் என்னைப் பார்த்தார்.

“அண்டைக்கு வெயில் இல்லையாம். அவர் அந்த வள்ளத்தைக் காணேல்லையாம். நீங்கள் போய்ச் சொன்னது சரியெண்டு சொன்னவர்.”

மாமாவின் வாய் கோணியது. அழப்போகிறார் என்று நினைத்தேன்.

“வேறென்ன சொன்னவர்?”

“தனக்கு முதல்ல சொல்லியிருக்கலாம் எண்டும் சொன்னவர். அதுதான் அவருக்குக் கவலை.”

“முதல்லயோ?” மாமா நல்ல கையைக் கட்டிலில் ஊன்றி எழும்பப் பார்த்தார். “அவருக்கோ? மூண்டு தரம் சொன்னனான்! இறங்குதுறையில வச்சு ஒருக்காச் சொன்னனான். தேத்தண்ணிக் கடையில ஒருக்கா. பிறகு உங்கட வீட்டுக்கே வந்து, உங்கட விறாந்தையில இருந்து சொன்னனான். அண்ணை, கண்ணைக் காட்டுங்கோ, கண்ணாடி போடுங்கோ எண்டு. கொப்பர் என்ன சொன்னவர் தெரியுமே? ‘கடலில என்ன எழுத்தே கிடக்கு, வாசிக்க?’ எண்டு கேட்டவர்!”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. அது அப்பாதான். ஒரு சொல்லும் மாறாமல் அப்பாதான். அந்தக் குரல், அந்தத் தலையாட்டல், மூன்று தரம் சொன்னதை ஒருதரமும் கேட்காமல் இருபத்தைந்து வருடம் கோபித்துக்கொண்டிருந்த அந்த மனுசன், எல்லாம் அந்த அறைக்குள் வந்துவிட்டன. சிரித்துக்கொண்டே கட்டில் விளிம்பில் இருந்தேன். பிறகு பார்த்தால் நான் அழுதுகொண்டிருந்தேன். செத்தவீட்டில் வராத அழுகை, எட்டிலும் வராத அழுகை. குசினியிலிருந்து அன்ரி ஓடிவந்து என்ன, என்ன என்று கேட்டா. மாமா என் முதுகில் கையை வைத்து, “ஒண்டுமில்ல, விடு. அண்ணையின்ர கதை” என்றார். அவர் கண்ணிலும் தண்ணீர்.

“ஏன் மாமா செத்தவீட்டுக்கு வரேல்ல?” என்று பிறகு கேட்டேன்.

“வந்தா, அவர் எழும்பிப் போயிடுவார் எண்டு நினைச்சன்” என்றார். பகிடியாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிக்கு அவரைச் சக்கர நாற்காலியில் இருத்தி ஒழுங்கையைக் கடக்க வைத்து எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தேன். ஐயர் காரியங்களை முடிக்கும்வரை ஒரு மூலையில் அமைதியாக இருந்தார். பிறகு படத்துக்கு முன்னால் தள்ளச் சொன்னார். சிலுவை போட்டுக்கொண்டார். ஏதோ முணுமுணுத்தார், எனக்குக் கேட்கவில்லை, என்னவென்று நான் விசாரிக்கவும் இல்லை. சாப்பாட்டு இலை வைத்தவுடன் தலையைக் குனிந்து கறிகளைப் பார்த்தார்.

“பூசணிக்காயோ? அண்ணைக்குப் பூசணிக்காயைக் கண்ணிலயும் காட்டேலாது.”

“அப்பா சாப்பிடுறவர், மாமா” என்றாள் என் மனைவி. “நான் சமைச்சா ரெண்டாந்தரமும் கேட்டு வாங்குவார்.”

“அது உங்களுக்காகச் சாப்பிட்டிருப்பார் பிள்ளை. லோஞ்சில மீனுக்குப் போட்டவர்.”

அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள். பிறகு சிரித்தாள். அவளும் அந்த மாதத்தில் முதன்முறையாகத்தான் அப்படிச் சிரித்திருப்பாள்.

இது நடந்து இப்போது எட்டு மாதம். மாமா ஊன்றுகோலோடு முற்றத்தில் நடக்கிறார். மெத்தையை அன்ரி கழுவிக் காயவைத்து, பாலையூற்றிலேயே ஒரு கிழவிக்குத் தேவைப்படுகிறது என்று என்னிடம் கேட்டுவிட்டுக் கொடுத்தா. நானே கொண்டுபோய் விரித்துக் கொடுத்தேன். கடையை மறுபடி துறைமுகப் பக்கமே கொண்டுபோய்விட்டேன். கைப்பேசி மணியை ஒருநாள் நிறுத்தினேன். எந்த நாள் என்று ஞாபகமில்லை. அப்பாவின் அறைக்குள் போவது இன்னும் சுலபமில்லை. ஆனால் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் இருக்கிறேன். செய்தி நேரத்தில் வானொலியையும் போடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாமாவை ஓட்டோவில் இறங்குதுறைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். பாலம் வந்த பிறகு மூதூருக்குப் போகிறவர்கள் பஸ்ஸில்தான் போகிறார்கள். அங்கே இப்போது பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒரு சீமெந்துத் திண்டில் இருந்து தேநீர் குடிப்போம். போன கிழமை, கேட்காமலே சொன்னார்.

“நீ பிறந்த அண்டைக்குத்தான் கொப்பர் லோஞ்சை உந்த இறங்குதுறையில முட்டினவர்.”

“கண் தெரியாமலோ?”

“சீ, அப்ப கண் நல்ல கண். ஆரோ கரையில நிண்டு, ஆம்பிளைப் பிள்ளை எண்டு கத்தினவங்கள். அண்ணை சுக்கானை விட்டிட்டு ரெண்டு கையையும் தூக்கினவர். டமார்! மூதூர்ப் பெண்டுகள் கொண்டுவந்த தயிர்ச்சட்டி ஒண்டும் மிச்சமில்ல. எல்லாம் அவரின்ர சேட்டிலதான். அப்பிடியே ஆஸ்பத்திரிக்கு ஓடினவர். மூண்டு நாளா உன்னில தயிர் மணந்ததெண்டு கொம்மா சொல்லுவா.”

அம்மாவும் சொன்னதில்லை, அப்பாவும் சொன்னதில்லை. “பெண்டுகள் ஏசேல்லையா?” என்று கேட்டேன்.

“ஏசாமலோ? ஏசினவையள்தான். ஏசிப்போட்டு, பிள்ளைக்கு என்ன பேர் எண்டு கேட்டவையள்.”

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. குடியுங்கோ மாமா என்றேன். நல்ல கையால் கோப்பையை எடுத்தார்.